லினோ அச்சு பழக எது ஏற்றது: பிளாக், மை, தாள், அழுத்தம் ஓர் ஒப்பீடு

லினோலியம் தகட்டில் (இதுதான் பிளாக்) உளியால் படம் செதுக்கி, செதுக்காமல் மேடாக நிற்கும் பரப்பில் மை பூசி, தாளை வைத்துத் தேய்த்து எடுப்பது லினோ அச்சு. முதல் அச்சை பிளாக்கிலிருந்து உரித்து எடுக்கும்போது கறுப்பு திட்டுத் திட்டாக இருக்கும். மெல்லிய கோடுகள் அடைபட்டிருக்கும். ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். குறை உளியிலா, மையிலா, தாளிலா, தேய்த்த கையிலா என்று பிரித்தறிய வழியில்லாமல் லினோ அச்சையே கைவிட்டவர்கள் பலர். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல், தானே செய்து பார்த்துப் பழகுகிறவருக்கு இந்தக் குழப்பம்தான் பெரிய இடைஞ்சல். அதனால் பொருள் வாங்கும்போது விலையையும் கிடைக்கும் வசதியையும் தாண்டி ஒன்றைப் பார்க்க வேண்டும்: நம் தவறு அச்சில் தெளிவாகத் தெரிகிறதா, அல்லது பொருளின் குறை நம் தவறுபோலத் தோற்றம் காட்டுகிறதா? இந்த அளவுகோலை வைத்துத்தான் எல்லாவற்றையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சணல் முதுகுள்ள அசல் சாம்பல் நிற லினோ, சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மை, மெல்லிய வழவழப்பான தாள், ஒரு மரக்கரண்டி. பிரஸ் இப்போது வேண்டாம். இது பொருந்தாதவர்களும் உண்டு. அவர்களுக்கு எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

பிளாக்

லினோலியம் தரைவிரிப்பாகப் பிறந்த பொருள். 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் வால்டன் இதை உருவாக்கினார். காற்றுப் பட்டுக் கெட்டியான ஆளிவிதை எண்ணெயோடு தக்கைத் தூள், மரத்தூள், பிசின் சேர்த்துப் பிசைந்து, சணல் துணியின் மேல் தகடாக அழுத்திச் செய்வது. செதுக்குகிறவருக்கு இந்தச் சேர்மானம் முக்கியம். மரத்தில் இருக்கிற ரேகை இதில் கிடையாது. உளி எந்தத் திசையில் போனாலும் ஒரே எதிர்ப்புத்தான். கோடு வளைந்து நெளிந்தால் அது கையின் தள்ளாட்டமே, வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும் சாம்பல் லினோ சுமார் 3.2 மி.மீ. தடிமன் இருக்கும்.

அசல் லினோவின் குறை, அதற்கு வயதாகும் என்பது. எண்ணெய் தொடர்ந்து இறுகிக்கொண்டே போவதால் பழைய சரக்கு கல்லாகி, உளி பட்டதும் பொருபொருவென்று உதிரும். வாங்கும் முன் ஒரு முனையை மெல்ல வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேண்டாம். வளைந்து கொடுத்தால் நல்லது. ஓரளவு இறுகியதை வெயிலில் பத்து நிமிடம் வைத்தோ, மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டியோ இளக்கலாம். ஆறியதும் மறுபடி இறுகும், மறுபடி சூடாக்கிக்கொள்ள வேண்டியதுதான். மேற்பரப்பில் ஒரு வழுவழுப்புப் படலம் இருக்கும். அதை 400 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு வட்டமாக லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டால் மை சீராகப் பிடிக்கும். இதைச் செய்யாத பிளாக்கில் மை ஆங்காங்கே விலகி நிற்கும்.

அடுத்தது மென்பிளாக். இளஞ்சிவப்பிலோ வெள்ளையிலோ, பெரிய அழிப்பான் மாதிரித் தொடுவதற்கு இருக்கும். கை நோகாமல் வெட்டலாம் என்பதால் தொடக்கப் பெட்டிகளில் இதைத்தான் வைத்துத் தருகிறார்கள். பழகுவதற்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உளி எதிர்ப்பில்லாமல் இறங்குவதால் ஆழத்தைக் கட்டுப்படுத்தக் கை கற்றுக்கொள்வதேயில்லை. கோட்டின் அடிப்பாகம் குடைந்துபோகும். கரண்டியால் தேய்க்கும்போது 1 மி.மீ.க்குக் குறைந்த கோடுகள் சாய்ந்து தடிப்பாக விழும். சரியாகச் செதுக்கிய கோடும் தவறாக அச்சாகிறது என்றால் அந்தப் பொருளிடமிருந்து கற்க ஒன்றுமில்லை. டர்பன்டைன், மண்ணெண்ணெய் பட்டால் மேற்பரப்பு கெட்டுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் துணியில் அச்சிடுகிறவர்கள், முத்திரை செய்கிறவர்கள், சிறுவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இதையே வாங்கலாம். துணியின் மேடுபள்ளத்துக்கு இந்த மென்மை நன்றாகவே ஒத்துப்போகும்.

மூன்றாவது, ஜப்பானிய வினைல். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை, நடுவில் கறுப்பு. வெட்டிய இடம் கறுப்பாகத் தெரிவதால் எங்கே செதுக்கியிருக்கிறோம் என்று தேட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பயன்படும், லினோ மாதிரி உதிராது. உண்மையில் இது நல்ல பொருள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதும், அதனால் 'கெடுத்தாலும் பரவாயில்லை' என்று துணிந்து வெட்ட மனம் வராததும்தான் இதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகின்றன. வெட்டிய கோடு பளிச்சென்று தெரிவதுதான் ஈர்க்கிறது என்றால், சாம்பல் லினோவின்மேல் தண்ணீர் கலந்த அக்ரிலிக் சிவப்பையோ நீலத்தையோ ஒரு கை பூசிவிட்டுச் செதுக்குங்கள். அதே பலன் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. தரைவிரிப்புக் கடைகளில் 'லினோலியம் ஷீட்' என்று சுருட்டி விற்பது பெரும்பாலும் பி.வி.சி. மேலே பூவேலையோ மரக்கோலமோ அச்சிட்டிருக்கும், பின்புறம் நுரையோ வெறும் பிளாஸ்டிக்கோ இருக்கும். வெட்டினால் சுருண்டு இழுபடும், பள்ளம் நிற்காது. அசலுக்கு அடையாளம் இரண்டு: முதுகில் சணல் இழை, மூக்கருகே வைத்தால் ஆளிவிதை எண்ணெயின் வாசம்.

உளி

இரண்டே போதும். கோட்டுக்கு மெல்லிய V முனை, வெளியை அகற்ற 5 மி.மீ. அளவு U முனை. ஒரு கைப்பிடியும் மாற்றும் அலகுகளும் கொண்ட மலிவான பெட்டியில் 1ஆம் எண் அலகு மெல்லிய V, 5ஆம் எண் அகன்ற U. மற்றவை பெட்டியிலேயே கிடக்கலாம். அந்த அலகுகள் மெல்லிய தகட்டில் செய்தவை. சாணை பிடித்து மீட்பது கடினம், மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான். மரக்கைப்பிடி உளிக்கு விலை அதிகம், ஆயுளும் அதிகம். தோல் வார் ஒன்றில் மெருகுப் பசை தடவி, அரை மணிக்கு ஒருமுறை உளியைப் பின்னோக்கிப் பத்து இழுப்பு இழுத்துக்கொண்டால் கூர் நிற்கும்.

மழுங்கிய உளியை உடனே கண்டுகொள்ள வேண்டும். சுருள் சுருளாக வர வேண்டிய லினோ தூளாக வந்தாலோ, கோட்டின் ஓரம் பிசிறினாலோ உளி மழுங்கிவிட்டது. அந்த நிலையில் கூடுதல் பலம் போட்டால் உளி வழுக்கும். லினோவில் கை வெட்டுப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். பிடிக்கிற கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்கட்டும். 30×25 செ.மீ. ஒட்டுப்பலகை ஒன்றில், ஒரு விளிம்பில் மேலாகவும் எதிர் விளிம்பில் கீழாகவும் ஒவ்வொரு ரீப்பர் துண்டை அறைந்தால், மேசை விளிம்பில் மாட்டிக்கொண்டு பிளாக்கைத் தாங்கும் பலகை தயார். வளைவுகளுக்கு உளியைத் திருப்பாதீர்கள். உளி நேராகவே போகட்டும், இடது கை பிளாக்கைச் சுழற்றட்டும்.

ஆழம்: கோட்டுக்கு அரை மி.மீ. போதும். அகன்ற வெள்ளை வெளிக்கு 1 முதல் 1.5 மி.மீ. சணல் இழை கண்ணில் பட்டால் அளவு மீறிவிட்டது. மேட்டின் பக்கச் சுவர் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். உள்ளே குடைந்த மேடு நான்காவது ஐந்தாவது அச்சிலேயே உடைந்து விழும்.

வெள்ளைக் கோடா, கறுப்புக் கோடா

பொருளைப் பற்றியது அல்ல என்றாலும் இதுவும் ஒரு தேர்வு, தொடக்கத்திலேயே எடுக்க வேண்டியது. பேனாவால் வரைந்த படத்தை அப்படியே மாற்றினால் கறுப்புக் கோடு நிற்க வேண்டும், அதன் இரு புறமும் செதுக்கி மிச்சமுள்ள வெளி முழுவதையும் அகற்ற வேண்டும். உழைப்பில் பெரும்பகுதி வெறும் அகற்றலுக்கே போகும். வெள்ளைக் கோட்டில், உளி போன தடமே கோடு. ஒவ்வொரு வெட்டும் நேராக அச்சில் வந்து நிற்கும், கை உடனடியாகக் கற்கும். நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டிச் செதுக்கிய காந்தியின் உருவத்தைப் பாருங்கள். கரிய பின்னணியைப் பெரும்பாலும் தொடாமல் விட்டு, கைத்தடியோடு நடக்கும் மனிதரை வெள்ளைக் கோடுகளால் எடுத்திருக்கிறார். எவ்வளவு குறைவாகச் செதுக்கி எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு இந்தியாவில் இதைவிட நல்ல பாடம் இல்லை. முதல் நான்கைந்து பிளாக்குகளை வெள்ளைக் கோட்டிலேயே செய்யுங்கள்.

எழுத்து சேர்க்க விரும்புகிறவர்களுக்கும் இதே தீர்வுதான். அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பும். தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு வலப்புறம் போய்விடும், கண் அதைச் சட்டென்று பிழையாகக் காட்டாது. டிரேசிங் தாளில் 4பி பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்து பிளாக்கின் மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து தானாகத் திரும்பிப் பதியும். கறுப்பு எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி தனித்து நிற்கும் ஒரு சிறு தீவு, ஒரு சறுக்கலில் போய்விடும். வெள்ளை எழுத்தில் அதே புள்ளி, சிறிய U உளியை நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது.

மை

பணத்தைப் போடுவதாக இருந்தால் இங்கே போடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம்.

தண்ணீர் மையின் வசதியை மறுக்க முடியாது. பிதுக்கி, கண்ணாடியில் ரோலரால் உருட்டி, அச்செடுத்து, குழாயடியில் கழுவி முடித்துவிடலாம், தாளும் விரைவில் காயும். அந்த வேகமே இங்கே வினையாகிறது. மின்விசிறி சுழலும் சித்திரை மாத அறையில், கண்ணாடியில் உருட்டிய மெல்லிய படலம் சில நிமிடங்களில் பசையாகிவிடும். பிளாக்கின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வருவதற்குள் தொடங்கிய இடம் காய ஆரம்பித்திருக்கும். அச்சில் வெள்ளைப் பொரிகள் விழும், தாள் ஒட்டிக்கொண்டு நார் உரியும். பழகுகிறவர் அழுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் தேய்ப்பார், மை குறைவு என்று நினைத்து இன்னும் பூசுவார். இரண்டாலும் நிலைமை மோசமாகும். பொருளின் குறை நம் தவறுபோலத் தோன்றும் என்று சொன்னது இதைத்தான்.

தண்ணீர் மையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை இருந்தால் சில பாதுகாப்புகள் உண்டு. விசிறியை நிறுத்துங்கள், காலை வேளையில் வேலை செய்யுங்கள், பிளாக் அஞ்சலட்டை அளவைத் தாண்ட வேண்டாம். ஒரு தேக்கரண்டி மைக்கு இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் கலந்தால் காய்வது தாமதமாகும். அதற்கு மேல் போனால் மழைக்காலத்தில் அச்சு பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த அச்சின்மேல் நீர்வண்ணம் பூசினால் பெரும்பாலான தண்ணீர் மைகள் கரைந்து பரவும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கழுவக்கூடிய எண்ணெய் மை, ஆளிவிதை எண்ணெய் மைதான். ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் பட்டால் விட்டுக்கொடுக்கும்படி செய்திருப்பார்கள். கிரான்ஃபீல்டு நிறுவனத்தின் கலிகோ சேஃப் வாஷ் இந்த வகையில் பலரும் அறிந்தது. தட்டில் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும் என்பதுதான் இதன் பெரும் பலன். காலையில் முதல் அச்சை எடுத்தபோது இருந்த மைதான் மதியம் பத்தாவது அச்சிலும் இருக்கும். ஒரு மாறி நிலையாகிவிட்டதால் மற்றவற்றைச் சோதிக்க முடிகிறது. விலையும் காத்திருப்பும்தான் குறைகள். வறண்ட காலத்தில் அச்சு காய இரண்டு முதல் நான்கு நாள் ஆகும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு வாரத்தைத் தாண்டலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். கொடி கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள்.

மூன்றாவது, ஆப்செட் அச்சு மை. சிவகாசி போன்ற அச்சுத் தொழில் ஊர்களிலும், பெருநகரங்களில் அச்சகங்களுக்குப் பொருள் விற்கும் கடைகளிலும் ஒரு கிலோ டப்பாவாக வாங்கலாம். நம் ஊர் கலைக் கல்லூரிகளில் பழக்கமான மை இது. அளவுக்கு மிக மலிவு, கறுப்பு ஆழமானது. ஆனால் வேகமாக ஓடும் இயந்திரத்துக்காகச் செய்தது. நேரடியாக உருட்டினால் அளவுக்கு மீறி ஒட்டும், மெல்லிய தாளின் நாரைப் பிடுங்கும். ஒரு தேக்கரண்டி மைக்கு ஓரிரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டுக் கத்தியால் நன்றாக அரைத்தால் ஒட்டுத்தன்மை குறையும். அதனால் மை இளகிப்போனால் மெக்னீசியம் கார்பனேட் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து மறுபடி கெட்டியாக்கலாம். கத்தியில் எடுத்துச் சாய்த்தால் நூலாக ஒழுகாமல், தயங்கித் தயங்கி விழுவது சரியான பதம். கறுப்புக்கு இந்த மையை நம்பலாம். மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சத்தில் வெளிறும் இயல்புள்ளவை, சுவரில் மாட்டப் போகிற வண்ண அச்சுக்கு வேண்டாம்.

கழுவ மண்ணெண்ணெய் தேவையில்லை. செய்தித்தாளால் மையை வழித்துவிட்டு, சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, கடைசியில் பாத்திர சோப்புப் போட்டால் கண்ணாடியும் ரோலரும் சுத்தமாகும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தைகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும், குவியலுக்குள் அது வெளியேற முடியாமல் தானாகத் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

எந்த மையானாலும் பூசும் முறை ஒன்றுதான். ஏ5 அளவு பிளாக்குக்கு அரைத் தேக்கரண்டி மை எடுத்துக் கண்ணாடியிலோ வழவழப்பான டைல்ஸிலோ ஒரு பட்டையாகத் தடவுங்கள். ரோலரை ஒவ்வொரு முறையும் தூக்கித் தூக்கி உருட்டுங்கள், இல்லையென்றால் அதன் ஒரே பாகம்தான் மை தொடும். காதைக் கொடுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' ஓசையும் வெல்வெட் மாதிரி மங்கிய பளபளப்பும் வந்தால் அளவு சரி. 'சளக் சளக்' என்று ஓசை வந்து, பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக எழுந்தால் மை அதிகம். பிளாக்கில் ஒரே தடிப்பாகப் பூசாமல் நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை என்று மூன்று நான்கு மெல்லிய படலங்களாக ஏற்றுங்கள். புது பிளாக் முதல் இரண்டு மூன்று அச்சுகளுக்கு மையைக் குடிக்கும். அந்த அச்சுகளை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். ரோலர் ரப்பர் சற்றுக் கடினமாக இருப்பது நல்லது, மிக மென்மையானது செதுக்கிய பள்ளத்துக்குள்ளும் இறங்கி மை பூசிவிடும்.

தாள்

கையால் தேய்க்கப் போகிறோம் என்றால் முடிவு எளிது: 40 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), வழவழப்பு, நல்ல நார். ஜப்பானிய கோஸோ, நேபாள லோக்தா இரண்டும் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருப்பதால் கரண்டிக்குத் தாங்கும். சோதனைக்குச் சாதாரண ஜெராக்ஸ் தாள் போதும். புதுச்சேரிப் பக்கத்துக் கைக்காகிதங்களின் அழகு பலரை இழுக்கும். ஆனால் தடித்த, சொரசொரப்பான பருத்திக் காகிதத்தின் பள்ளங்களுக்குள் கரண்டியின் அழுத்தம் போய்ச் சேராது. எண்ணெய் மையாக இருந்தால் தாளை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு உறிஞ்சு தாள்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால் ஓரளவு இணங்கும். தண்ணீர் மையோடு ஈரத்தாளைச் சேர்த்தால் கோடு ஊறிப் பரவும்.

அழுத்தம்

மரக்கரண்டியின் முதுகு, மூங்கில் பேரன் (baren, தாளைத் தேய்க்கும் ஜப்பானிய வட்டத் தட்டு), புத்தகம் கட்டும் திருகு பிரஸ், எச்சிங் பிரஸ் (உருளைக்கு அடியில் பிளாக்கைச் செலுத்தி அழுத்துவது) என்ற வரிசையில் பலமும் விலையும் ஏறும். கற்பிக்கும் திறனோ தலைகீழ் வரிசையில் இருக்கிறது. கரண்டியின் தொடும் பரப்பு ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது, அதனால் கொஞ்சம் பலத்திலேயே கூர்மையான அழுத்தம் கிடைக்கும். தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தை மட்டும் மறுபடி தேய்க்கலாம். எந்தப் பிரஸ்ஸும் இந்த வசதியைத் தராது. நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் சிறு வட்டங்களாகத் தேய்த்து, ஓரங்களைத் தனியாக ஒருமுறை கவனித்தால் ஏ5 பிளாக்குக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். தாளுக்கு மேல் ஒரு பட்டர் தாள் வைத்துக்கொண்டால் கரண்டி நாரைக் கிளப்பாது. பேரன் அகலமானது, பெரிய கறுப்புப் பரப்புக்கு நல்லது, நுண்கோட்டுக்குக் கரண்டியே மேல். சப்பாத்திக் கட்டை வேண்டாம். அழுத்தம் பலகை முழுக்கப் பரவிப்போய் எங்கேயும் போதாது, தாளும் நகரும்.

இருபது முப்பது பிரதிகள் ஒரே மாதிரி வேண்டும் என்ற கட்டம் வந்தபின் பிரஸ்ஸைப் பற்றி யோசிக்கலாம். எச்சிங் பிரஸ் கிடைத்தால் பிளாக்கின் இருபுறமும் அதே 3.2 மி.மீ. உயரத்தில் இரண்டு லினோ பட்டைகளை ரோலர் ஓடும் திசையில் வைத்துக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் உருளை பிளாக்கின் விளிம்பில் ஏறும்போது பிளாக் நகரும், தாள் மடியும், முதல் விளிம்பில் மை பிதுங்கும்.

சோதனை பிளாக்

படம் எதுவும் செதுக்கும் முன் 10×15 செ.மீ. துண்டு ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். ஆறு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒன்றில் V உளியால் இணைகோடுகள், இடைவெளி 1, 2, 4 மி.மீ. என்று கூடிக்கொண்டு போகட்டும். இன்னொன்றில் புள்ளிகள், மூன்றாவதில் குறுக்கும் நெடுக்குமான கோடுகள், நான்காவதில் முழுக்க அகற்றிய வெள்ளை வெளி, ஐந்தாவதில் எழுத்துகள். ஆறாவதில் உளியே படக்கூடாது. இந்த வெறும் கறுப்புக் கட்டம்தான் ஆறிலும் அதிகம் பேசும்.

பிறகு இதே பிளாக்கை வைத்து ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மையும் அழுத்தமும் அப்படியே, தாள் மட்டும் வேறு. தாளும் அழுத்தமும் அப்படியே, மைப் படலங்களின் எண்ணிக்கை மட்டும் வேறு. ஒவ்வொரு அச்சின் முதுகிலும் மை, எத்தனை படலம், தாள், எதனால் தேய்த்தது, அன்றைய வானிலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் அந்த அச்சு வீண்.

குறைகளைப் படிக்கும் முறை இது. கறுப்புக் கட்டத்தில் வெள்ளைப் பொரி விழுந்தால் தாளை விட்டு பிளாக்கைப் பாருங்கள். அந்த இடத்தில் மை இன்னும் ஈரமாக மினுங்கினால் மை இருந்தது, அழுத்தம் போய்ச் சேரவில்லை. மங்கி வறண்டிருந்தால் மை போதவில்லை அல்லது காய்ந்துவிட்டது. பொரி எல்லா அச்சிலும் அதே இடத்தில் வந்தால் அங்கே தூசியோ பள்ளமோ இருக்கிறது. 1 மி.மீ. கோடுகள் அடைபட்டுக் கறுப்புக் கட்டம் நன்றாக இருந்தால் மை அதிகம், ஒரு படலத்தைக் குறையுங்கள். கோடுகள் துல்லியமாக இருந்து கட்டம் மட்டும் பொரிந்தால் மை சரி, தேய்ப்பைக் கூட்டுங்கள். கோடெல்லாம் இரட்டையாக விழுந்தால் தாள் நகர்ந்திருக்கிறது. அகற்றிய வெளியில் ஆங்காங்கே உளித்தடங்கள் கறுப்பாக விழுந்தால் அந்த முகடுகளை மட்டும் செதுக்கித் தாழ்த்தலாம். விட்டும் வைக்கலாம், பல கலைஞர்கள் அந்தத் தடங்களுக்கு வேண்டுமென்றே திசை கொடுத்து வானமாகவும் நீராகவும் ஆக்குகிறார்கள்.

இரண்டாவது நிறம்

ஒரே பிளாக்கைப் படிப்படியாகச் செதுக்கிச் செதுக்கி நிறம் ஏற்றுவதா, நிறத்துக்கு ஒரு பிளாக்கா? முதல் முறையில் வெளிர் நிறத்தை எல்லாத் தாளிலும் அச்சிட்டுவிட்டு, அந்த நிறம் நிற்க வேண்டிய இடங்களைச் செதுக்கி அகற்றி, அதன்மேல் அடுத்த அடர்நிறம் என்று போக வேண்டும். பிக்காசோ 1950களின் இறுதியில் பிரான்சின் வல்லோரிஸ் ஊரில், அச்சாளர் இதால்கோ அர்னேராவோடு சேர்ந்து இந்த முறையில் செய்த வேலைகள் இதற்குப் பெரும் புகழ் தேடித்தந்தன. பிளாக் ஒன்றுதான், அதனால் உருவங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும், லினோவும் மிச்சம். ஆனால் பின்னோக்கிப் போக வழியே கிடையாது. இரண்டாம் நிறம் பிடிக்கவில்லை என்றால் முதல் நிறத்துக்கான பிளாக் இனி இல்லை. பத்துப் பிரதி வேண்டுமானால் பதினாறு தாளிலாவது தொடங்க வேண்டும், எண்ணெய் மையில் மூன்று நிறம் முடிய இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பழகுகிறவருக்கு இரண்டு பிளாக் முறையே நல்லது. நிறத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், ஒரு பிளாக் கெட்டால் அதை மட்டும் மறுபடி செய்யலாம். இரண்டும் பொருந்துவதுதான் சிரமம், அதற்கு ஒரு சட்டம் போதும். பலகை ஒன்றில் லினோ துண்டுகளை L வடிவில் ஒட்டுங்கள், பிளாக்கின் மூலை அதில் இறுக்கமாக உட்காரட்டும். தாளின் ஒரு மூலையும் ஒரு விளிம்பும் முட்டி நிற்க, அந்தத் துண்டுகளின் மேலேயே அட்டைப் பட்டைகளால் இரண்டு தடுப்புகள் வையுங்கள். முதல் பிளாக்கைச் செதுக்கி முடித்ததும், தாளுக்குப் பதிலாக ஒரு ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் தாள்) அதே தடுப்பில் முட்டவைத்து எண்ணெய் மையில் அச்செடுங்கள். மை ஈரமாக இருக்கும்போதே முதல் பிளாக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் இரண்டாவது பிளாக்கை வைத்து, ஷீட்டை மறுபடி அதே தடுப்பில் முட்டவைத்துத் தேய்த்தால் படம் சரியான இடத்தில் பதிந்துவிடும். பதிந்த மை காய இரண்டு மூன்று நாள் விடுங்கள், அதற்கு முன் செதுக்கத் தொடங்கினால் கைபட்டுக் கோடு கலைந்துபோகும். இரண்டு நிறங்களும் சேரும் விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்று 1 மி.மீ. படியும்படி செதுக்குங்கள். தாள் சற்று விலகினாலும் இடையில் வெள்ளைக் கீற்று தெரியாது.